அண்ணாச்சி வண்டிக் கூரையில் கத்திய ஃபேன்

கேரவன் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்ட அந்தத் தங்கச்சிக்கும் சேர்த்துத்தான்.

போன மாதம் உங்கள் ஷெட்டுக்கு வந்திருந்தபோது, சினிமாக்காரர் ஒருவரின் கேரவன் கூரையில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்திருந்தீர்கள். கூரை ஃபேன் சத்தம் போடுகிறதாம். ஒருத்தர் மோட்டாரைத் திட்டினார். ஒருத்தர் அதைச் செய்த கம்பெனியைத் திட்டினார். மூன்றாமவர், கேரவனுக்குள் உட்கார்ந்திருந்த நடிகைக்குக் காது கோளாறு என்றார். எனக்குச் சிரிப்பு தாங்காமல் டீ குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன். நீங்கள் கோபித்துக்கொண்டிருப்பீர்கள். அதற்குப் பதிலாக நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஒரு சந்தர்ப்பம் தருகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் ஷெட் மந்தைவெளியில் இருந்தது. ஷெட் என்றால் நாலு மூங்கில், மேலே தகரம், ஒரு பலகை, ஒரு பேட்டரி சார்ஜர், அவ்வளவுதான். டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹார்ன், ஹெட்லைட் எல்லாம் பார்ப்பேன். தணிகாசலத்துக்கு வேலை சுத்தம், வாய்தான் நீளம் என்று மயிலாப்பூர் டாக்சி ஸ்டாண்டு வரை பெயர்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்ப்பேன். சரியாக இருந்தால், சாமி படத்துக்குக் கீழே இருக்கும் கிண்ணத்திலிருந்து குழைத்த சந்தனத்தை எடுத்து அந்தச் சாமானுக்கே பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்துவிடுவேன். அதற்கு அப்புறம் என் கை அதில் படாது. முதல் தடவை சுவிட்சைப் போட வேண்டியது வண்டிக்காரரின் கை. என்றைக்காவது மறந்து பொட்டில்லாமல் கொடுத்தால், "இன்னா நைனா, வேல பாதியில நிக்குதா?" என்று டிரைவர்களே கேட்பார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் வைக்கும் பொட்டு சின்னப் பொட்டு இல்லை. கட்டை விரலால் எடுத்து அப்புவேன். எனக்குத் தொழில் மேல் அவ்வளவு பக்தி.

அந்தச் சமயத்தில்தான் தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் அந்த வண்டியை வாங்கினார். எவரோ ஒரு வெள்ளைக்காரப் புருஷன் பெண்டாட்டி, அவர்கள் ஊரிலிருந்து தரை வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்து, பெசன்ட் நகர் கடற்கரையில் சில மாதம் நிறுத்திக் குடியிருந்து, கையில் இருந்தது தீர்ந்ததும் வண்டியை விற்றுவிட்டு விமானம் ஏறியிருந்தார்கள். உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. கூரை நடுவில் சதுரமாக ஒரு ஓட்டை, அதற்கு மூடி, ஓட்டைக்குள் பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஃபேன். உள்ளே இருக்கும் புழுக்கத்தை அது மேலே இழுத்து வெளியே தள்ளும்.

அண்ணாச்சி அதை வண்டி என்றே நினைக்கவில்லை. கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, ஆகவே வீடு என்று முடிவு செய்து, நல்ல நாள் பார்த்து, பாண்டி பஜார் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி அந்த அடுப்பிலேயே பால் காய்ச்சினார். பால் பொங்கியதும் சுற்றி நின்ற கடைக்காரர்கள் கைதட்டினார்கள். போக்குவரத்துப் போலீஸ்காரர் விரட்ட வந்தார். அவர் கையிலும் ஒரு டம்ளர் பால் கொடுத்தார்கள், குடித்துவிட்டுப் போனார்.

அத்தனை ஆட்டம் எதற்கு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அண்ணாச்சியின் மனைவி கோமதி அக்காவுக்கு இளைப்பு. அம்பாசமுத்திரம்தான் சொந்த ஊர். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போகும்போது ரயிலில் மூச்சு முட்டி, விழுப்புரத்திலேயே இறக்கித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாகிவிட்டது. அன்றைக்கு வந்த பயம்தான், அதற்கு அப்புறம் அவர் ஊர்ப்பக்கமே போகவில்லை. பஸ்ஸில் ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். அப்பா செத்ததற்குக் கூடப் போகவில்லை. இப்போது கூடப்பிறந்த தங்கச்சியின் மகளுக்குக் கல்யாணம். கண்ணாடியெல்லாம் மூடிக்கொண்டு, தூசி வராமல், மேலே ஃபேன் ஓட, படுத்துக்கொண்டே போகலாம் என்று அண்ணாச்சி கணக்குப் போட்டுத்தான் அந்த வண்டியை வாங்கியிருந்தார். மொத்தக் கணக்கும் அந்தச் சாண் அளவு ஃபேன் மேல் நின்றது.

ஃபேன் கொஞ்சம் கரகரத்தது. என்னிடம் அனுப்பினார்கள்.

கூரை மேல் ஏறி மூடியைத் திறந்து பார்த்தேன். கடற்கரை மணல் உள்ளே போய் எண்ணெய் வறண்டு கிடந்தது. கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, மாட்டி, ஓட்டினேன். சத்தமே இல்லை. காற்றில் என் பீடிப் புகை நேராக மேலே போனது. மனசு குளிர்ந்து, கிண்ணத்தை மேலே எடுத்துக்கொண்டு போய், நாலு இறக்கையில் என் பக்கம் இருந்த ஒன்றில் அழகாக ஒரு பொட்டு அப்பி, மூடியைத் திறந்தபடியே விட்டு இறங்கினேன். டிரைவர் கன்னியப்பன் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு மணி நேரத்தில் அண்ணாச்சி எதிரே இருந்த மளிகைக்கடைக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்னடே செஞ்ச? முன்னால கரகரன்னுது. இப்ப காட்டுப் பன்னி கணக்கா கத்துது. கூரையே ஆடுது. கோமதி பயந்து எறங்கிட்டா."

மறுநாள் காலை வண்டி வந்தது. சுவிட்சைப் போட்டேன். ஃபேன் பூனைக்குட்டி மாதிரி ஓடியது. அரை மணி நேரம் ஓட்டினேன். கன்னியப்பன் தலையைச் சொறிந்தான்.

"சத்தியமா சொல்றேன்பா, நேத்து கத்துச்சு. சாயங்காலமா தானா அடங்கிப்போச்சு."

"தானா அடங்குற ஃபேனை எதுக்குய்யா என்னாண்ட எட்டாந்த?"

"தபாரு தணிகா, எனக்கு ஒண்ணு தோணுது. வெள்ளக்காரன் ஆவி கீதுபா உள்ள."

"அவங்க ரெண்டு பேரும் உசுரோட ஏரோப்ளேன் ஏறிப் போயிட்டாங்கய்யா."

"உசுரோட போனா ஆவி வரக் கூடாதுன்னு எதுனா சட்டம் கீதா?"

அவனிடம் பேசிப் பயனில்லை என்று ஃபேனைக் கழற்றினேன். ஃபேன் சட்டத்துக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவில் ரப்பர் தேய்ந்திருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சட்டத்தைச் சுற்றி வைத்து இறுக்கினேன். இறக்கையில் என் பொட்டு உதிர்ந்துபோய் இலேசாகச் சிவப்புக் கறை மட்டும் இருந்தது. அதைப் பார்த்து, பாவம், பொட்டு நிற்கவில்லையே என்று வருத்தப்பட்டேன். ஓட்டிப் பார்த்தேன், சத்தமில்லை. இந்தத் தடவை சந்தனம் நன்றாகப் பிடிக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கெட்டியாக அப்பினேன்.

நீங்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். சிரியுங்கள். எனக்கு மட்டும் அது புரிய இன்னும் சில நாள் ஆனது.

ரெண்டாம் தடவை, அவர்கள் ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது, ஃபேன் கத்தியது மட்டுமில்லை, ஆடின ஆட்டத்தில் வயர் இணைப்பு கழன்று அடையாறு பாலத்து மேலேயே நின்றுபோனது. அக்கா உள்ளே இருந்திருக்கிறார். கண்ணாடியெல்லாம் மூடியிருந்தது. பயத்தில் மூச்சு இழுக்க ஆரம்பித்து, அண்ணாச்சி கதவை உதைத்துத் திறந்திருக்கிறார். அதுவரை அது எனக்கு ஒரு ஃபேன். அன்றைக்குத்தான் அதன் கீழே ஒரு மனுஷி படுத்திருக்கிறாள் என்று உறைத்தது.

இந்தத் தடவை அக்காவே ஷெட்டுக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய கண். என் பலகை ஓரத்தில் உட்கார்ந்து, வயரைச் சொருகியதும் சத்தமில்லாமல் ஓடுகிற ஃபேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டா? வீட்டு வாசல்ல நிக்கையில கத்தல. கடைக்கு எடுத்துட்டுப் போகையில கத்தல. ஒங்க ஷெட்டுல இருந்து வெளிய வந்த ஒடனதான் கத்துது. அது எப்படி?"

தம்பிகளே, ஐம்பது வருஷத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது. இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? மந்தைவெளி ரோடு மேடும் பள்ளமும், அதனால் அதிர்வு, அதிர்வினால் ஆர்மேச்சர், ஆர்மேச்சரினால் கரண்ட் என்று பத்து நிமிஷம் பேசினேன். என் ஷெட்டைச் சொல்கிறாரே என்று ரோஷம். படிக்காத பெண்பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற திமிரும் இருந்தது, மறைப்பானேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, எனக்குப் புரியல. ஆனா நான் கேட்டதுக்குப் பதில் வரல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை கல்யாணம். புதன் விடியற்காலை கிளம்பியாக வேண்டும். மூன்றாம் தடவையாக வந்த வண்டி செவ்வாய்க்கிழமை மதியமும் என் ஷெட்டிலேயே நின்றது. மோட்டாரையே பிரித்து, கார்பன் புதிதாகப் போட்டு, புஷ் மாற்றி, ஃபேன் பக்கத்து வயரைக் கழலவே முடியாதபடி ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தேன். இனிமேல் அதில் மாற்ற எதுவும் பாக்கியில்லை. ஓட்டினேன். ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு அமைதி.

அண்ணாச்சி வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இந்தா பாரு தணிகாசலம். இப்ப கோமதியும் வாரா, நானும் வாரேன், நீயும் உள்ள ஏறு. கடற்கரை வரைக்கும் போயிட்டு வருவோம். கத்துச்சுன்னா வண்டிய வீட்டுல போட்டுருவேன். அப்புறம் கல்யாணத்துக்கே வரமாட்டேன்னுட்டா அவ. நானும் கட்டாயப்படுத்த மாட்டேன்."

அக்கா கையில் ஒரு சின்ன மஞ்சள் பை வைத்திருந்தார். அதற்குள் கல்யாணப் பெண்ணுக்கு வாங்கிய வளையல் பெட்டி என்று அண்ணாச்சி மெதுவாக என் காதில் சொன்னார். கிளம்புவது நிச்சயமில்லாததால் யாரிடமாவது கொடுத்தனுப்பலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

எப்படியாவது இந்த அம்மாள் ஊருக்குப் போக வேண்டும் சாமி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கூரை மேல் ஏறி, கிண்ணத்தை வழித்து, மிச்சமிருந்த சந்தனம் மொத்தத்தையும் ஒரே இறக்கையில் அப்பி, அதன் மேல் குங்குமத்தையும் அள்ளி வைத்தேன். அப்படி ஒரு பொட்டு நான் என் கல்யாணத்தில் கூட வைத்துக்கொண்டதில்லை.

அக்கா கட்டிலில் படுத்தார். அண்ணாச்சி தலைமாட்டில், நான் கால்மாட்டில். கன்னியப்பன் வண்டியை எடுத்தான். கண்ணாடிகளை மூடினோம். அண்ணாச்சி கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டார்.

ஃபேன் அலறியது.

அதற்கு முன்னால் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை, கேட்டவர்கள் சொல்லத்தான் கேட்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆட்டுரலில் கல்லைப் போட்டு ஆட்டினது போல இருந்தது. கட்டில் நடுங்கியது, அடுப்பு மேல் இருந்த டம்ளர் நடந்து வந்து கீழே குதித்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, விரலால் கட்டில் விளிம்பைப் பிடித்திருந்தார்.

நான் பதறிப்போய் யோசித்தேன். பதற்றத்தில் யோசித்தாலும் அது ஒரு உருப்படியான யோசனை. ஃபேனை எதிர்ப் பக்கம் சுற்றவிட்டால் சத்தம் மாறுகிறதா பார்க்கலாம். மாறினால் கோளாறு மோட்டாரில், மாறாவிட்டால் இறக்கையில். அடையாறு தாண்டிக் கடற்கரை பக்கம், ஊரூர் குப்பத்து அருகே வண்டி போய்க்கொண்டிருந்தது. சுவிட்சுக்குக் கீழே இருந்த ரெண்டு வயரையும் பிடுங்கி மாற்றிச் சொருகினேன்.

அதுவரை மேலே தள்ளிக்கொண்டிருந்த ஃபேன், கீழ்நோக்கி வீச ஆரம்பித்தது.

முதலில் அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அப்புறம் அவர் வழுக்கையில், அக்கா கன்னத்தில், தலையணையில், என் மூக்கில். சின்னச் சின்னதாக, ஈரமாக, சிவப்பாக.

"ரத்தம்!" என்று அண்ணாச்சி வீறிட்டார். "ஏ கோமதி! எங்கட்டி வெட்டுச்சு?"

கன்னியப்பன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். சிவப்புப் புள்ளியோடு மூன்று முகம். "ஐயய்யோ, ஆவி அட்ச்சிட்ச்சு!" என்று கத்தி, வண்டியை மணலில் இறக்கி நிறுத்தி, கதவைத் திறந்து குதித்தே விட்டான். கீழே விழுந்து எழுந்து, மறுபடி "ரத்தம்! ரத்தம்!" என்றான்.

குப்பத்திலிருந்து ஆள் கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மீன் கூடையோடு ஒரு அம்மாள் வந்து கதவுக்குள் தலையை நீட்டினார். கையில் மீன் வெட்டுகிற கத்தி அப்படியே இருந்தது.

"இன்னாமா ஆச்சி? வெட்டுக் குத்தா?"

அண்ணாச்சி தன் சட்டையைக் காட்டினார். அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். ஒரு விரலால் அக்காவின் கன்னத்தைத் தொட்டுத் தேய்த்தார்.

"அய்ய, ரத்தமா இது? நாள் பூரா ரத்தத்துல கைய வச்சிக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா? குங்குமம்யா! இதுக்கா இப்டி கூவிக்கினு இருக்கீங்கோ?"

அக்கா மெதுவாகக் கண்ணைத் திறந்தார். தன் கன்னத்தைத் தொட்டார், விரலை முகர்ந்தார். "சந்தனம்லா மணக்கு" என்றார். பிறகு மல்லாந்து படுத்தபடியே, நான் சுவிட்சை அணைத்ததில் நின்றுபோயிருந்த ஃபேனை நிதானமாகப் பார்த்தார்.

எனக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. டைனமோவில் பொட்டு வைத்தால் அதன் உடம்பு சுற்றாது, ஹார்னும் சுற்றாது, ஹெட்லைட்டும் சுற்றாது. அத்தனை வருஷத்தில் சுற்றுகிற சாமானிலேயே பொட்டு வைத்தது இந்த ஃபேனுக்குத்தான். காகிதம் மாதிரி மெல்லிய நாலு இறக்கை. அதில் ஒன்றில் மட்டும் ஒரு உருண்டை ஈரச் சந்தனம். ஒரு பக்கம் பாரம் கூடினால் ஆடாமல் என்ன செய்யும்? ஓட்டிப் பார்ப்பது பொட்டுக்கு முன்னால், அதனால் எனக்குச் சத்தம் கேட்டதில்லை. வெயிலில் காய்ந்து உதிர்ந்ததும் தானாக அடங்கிவிடும். அதனால் மறுநாளும் கேட்டதில்லை. நான் சுத்தமாக ரிப்பேர் செய்து, என் கையாலேயே ஒவ்வொரு தடவையும் கெடுத்துக் கொடுத்திருக்கிறேன், அதுவும் பக்தியோடு.

இங்கேதான் கவனியுங்கள். மற்றவர்களுக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. கன்னியப்பன் ஆவிக்குக் குங்குமம் எங்கிருந்து கிடைத்தது என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தான். என் நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராக வந்து நின்றது. பூஜையில் யாரோ கொட்டியிருக்கிறார்கள், நான் சரிசெய்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மேலே ஏறித் துடைத்தால் போதும். என் பெயர் பிழைக்கும். மந்தைவெளியிலிருந்து திருவல்லிக்கேணி வரை நாளைக்கு டிரைவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அப்போது அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார். "தம்பி, இப்ப தொடச்சிட்டா கத்தாதுல்லா? நெசமாச் சொல்லுங்க. நம்பி ஏறட்டா?"

ஏன் கத்தியது என்று அவருக்குத் தெரியாவிட்டால், துடைத்து அமைதியானாலும் அவர் நம்ப மாட்டார். எப்போது கத்துமோ, எங்கே நிற்குமோ என்று திண்டிவனம் வரும்போதே நெஞ்சு அடைக்கும். அந்த அம்மாளுக்கு ஃபேன் சத்தமில்லாமல் ஓடினால் மட்டும் போதாது, ஏன் கத்தியது என்ற காரணமும் வேண்டியிருந்தது. என் மானத்தை விட்டால்தான் அதைக் கொடுக்க முடியும்.

"அக்கா, நான்தான்" என்றேன். "வேலை முடிஞ்சதும் ஒரு ரெக்கையில பொட்டு வைப்பேன். மூணு தடவையும் வச்சேன். இன்னிக்குக் கிண்ணத்துல இருந்த மொத்தத்தையும் வச்சிட்டேன். அந்தப் பாரத்துலதான் ஆடுச்சு. ஃபேன்ல கோளாறு இல்ல. நீங்க அன்னிக்குக் கேட்டீங்களே, அதுக்குப் பதில் இதுதான்."

மீன்கார அம்மாள்தான் முதலில் பேசினார். "சாமிக்கு வைக்க வேண்டியத ஃபேனுக்கு வச்சா அது சாமியாடாம இன்னா பண்ணும்?"

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் எழுந்து உட்கார்ந்து, வளையல் பையை மடியில் அடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அண்ணாச்சி பதறினார். "மெதுவாட்டி, மெதுவா! இளைப்பு வந்திரும்!" என்று முதுகைத் தடவினார். எட்டு வருஷமாக அந்தப் பயத்திலேயே அக்கா வாய்விட்டுச் சிரித்ததில்லையாம். நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் மூச்சுக்காகக் காத்திருந்தோம். இளைப்பு வரவில்லை. அதைப் பார்த்து அண்ணாச்சியும் சிரித்தார், கன்னியப்பன் சிரித்தான், அவமானத்தில் அழ வேண்டிய நானும் அந்த மணலில் உட்கார்ந்து சிரித்தேன்.

மேலே ஏறி, என் வேட்டி முனையாலேயே இறக்கையைத் துடைத்தேன். வயரைப் பழையபடி மாற்றிச் சொருகினேன். அண்ணாச்சி சுவிட்சைப் போட்டார். ஓடுகிறதா என்று எல்லாரும் காதைக் கூரைக்குக் கொடுத்தோம். மீன்கார அம்மாள் தன் முந்தானை நுனியை ஃபேனுக்கு நேரே பிடித்தார். அது மேலே பறந்தது. "ஓடுது, ஓடுது" என்று சான்று கொடுத்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது அண்ணாச்சிக்கு ஒரு சந்தேகம். "அதுக்காகப் பொட்டே இல்லாம தூர ஊருக்குப் போக முடியுமாடே? நம்ம பக்கத்துக் கடை நகைக்கடைதான். அவன்கிட்ட தராசு இருக்கு. நாலு ரெக்கைக்கும் ஒரே எடைல நிறுத்து வச்சிருவோமா?"

"ஒங்களுக்கு வேற வேலையில்ல" என்றார் அக்கா. "சுத்தாத எடத்துல வைக்கச் சொல்லுங்க." வைத்தேன். சட்டத்து ஓரத்தில், கடுகளவு.

மீன்கார அம்மாளின் பெயர் எனக்குத் தெரியாது. அப்புறம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தேடியிருக்கிறேன், கண்ணில் படவில்லை. ஆனால் என் தொழிலில் குரு யார் என்று கேட்டால் அவரையும் கோமதி அக்காவையும்தான் சொல்வேன். எல்லாரும் கத்தும்போது ஒருத்தர் விரலால் தொட்டுப் பார்த்தார். இன்னொருத்தர், எங்கிருந்து வந்த பிறகு கத்துகிறது என்று கேட்டார். அதற்கு அப்புறம் எந்த வண்டி திரும்பி வந்தாலும், வண்டிக்காரரைக் கேட்பதற்கு முன்னால் என்னை நான் கேட்டுக்கொள்வேன்: போன தடவை என் கை இதில் கடைசியாக என்ன செய்தது? ஸ்க்ரூவை இறுக்கினேனா, டேப் சுற்றினேனா, துணியை உள்ளே மறந்தேனா? பாதி வண்டிகள் அங்கேயே பிடிபட்டுவிட்டன. நீங்களும் அடுத்த தடவை கூரையில் ஏறும்போது, உள்ளே இருப்பவர்களின் காதைக் குறை சொல்வதற்கு முன்னால் இதை ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். தப்பு உங்களுடையதாக இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள். டிரைவர்கள் ஒரு வருஷம் சிரிப்பார்கள். என்னைப் பார்த்து ரெண்டு வருஷம் சிரித்தார்கள், ஒன்றும் குறைந்துவிடவில்லை.

புதன் விடியற்காலை அவர்கள் கிளம்பிப் போனார்கள். அடுத்த செவ்வாய் திரும்பிவிடுவதாகப் பேச்சு. செவ்வாய் வந்தது, வண்டி வரவில்லை. புதனும் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. வழியில் ஃபேன் நின்றிருக்குமோ, மறுபடி விழுப்புரம் மாதிரி ஆகியிருக்குமோ என்று ஷெட்டுக்கும் மளிகைக்கடைப் போனுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை காலை ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. அண்ணாச்சி தனியாக இறங்கினார். கையில் ஒரு தோல் பை, முகத்தில் ரெண்டு நாள் தாடி. எழும்பூரிலிருந்து நேராக என் ஷெட்டுக்கே வந்திருந்தார்.

"வண்டி எங்கே அண்ணாச்சி?"

"குத்தாலத்துல."

"அக்கா?"

"அவளும் குத்தாலத்துல."

"ஃபேன் எதாவது..."

"அதுக்கென்ன கேடு? சத்தமே இல்ல, இருக்கான்னே தெரியல." பலகையில் பொத்தென்று உட்கார்ந்தார். "செங்கல்பட்டு தாண்டும்போதே தூங்கிட்டா. ஊர் போய்தான் முழிச்சா. கல்யாணத்துல ஓடி ஓடி வேலை பாத்தா. கல்யாணம் முடிஞ்சு கெளம்புவோம்னேன். இவ்வளவு தூரம் வந்துட்டு திருச்செந்தூர் போகாமலான்னா. போனோம். கன்னியாகுமரின்னா. போனோம். தங்கச்சியை ஏத்திக்கிட்டா, தங்கச்சி கூட ரெண்டு சித்தியை ஏத்திக்கிட்டா. எனக்குப் படுக்க எடம் இல்ல. இப்ப குத்தாலத்துல குளிச்சிட்டு இருக்காளுவ. கடைய யாரு பாக்கது, நீங்க ரயில்ல போங்கன்னு டிக்கெட் எடுத்துக் குடுத்து ஏத்தி விட்டுட்டா."

"எப்ப வருவாங்களாம்?"

"கேட்டேன்டே." அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஃபேன் நின்னா வாரேன்னு சொல்லிட்டா."

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, பாவமாகக் கேட்டார். "எப்படே நிக்கும்?"

ஒரு வாடிக்கைக்காரரை அவ்வளவு சந்தோஷமாக நான் ஏமாற்றமடைய வைத்தது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

"நிக்காது அண்ணாச்சி" என்றேன்.